பறவை எடுக்க பிரிட்ஜ் கேமராவா? டிஎஸ்எல்ஆரா?



இன்னிக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை. கேமரா பத்தி. ஆனா கடைசி வரைக்கும் படிங்க, உடம்பு விஷயமும் உள்ளே இருக்கு.

போன வாரம் கிளினிக்கில் கடைசி டோக்கனாக ஒருவர் வந்தார். வயது 61. ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக சுகர்.

ஒரு வருஷத்துக்கு முன்னாடி அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை 9.4. "நடங்க சார்" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவரும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார். நடக்க மாட்டார்.

இந்த முறை ரிப்போர்ட்டில் 7.1.

"என்ன சார் பண்ணீங்க?"

"தினமும் காலைல பருத்திப்பட்டு ஏரிக்குப் போறேன் டாக்டர். பறவை பார்க்க."

மச்சான் வெச்சிருந்த பழைய நிகான் பி900 கேமரா கைக்கு வந்திருக்கிறது. கூழைக்கடாவை எடுக்கப் போய், அப்படியே நடை பழகிவிட்டது.

இப்போ சிக்கல் என்னன்னா, அவர் பையன் சொல்கிறானாம்: "அது பொம்மை கேமரா ப்பா. நல்ல டிஎஸ்எல்ஆரும் 150-600 லென்ஸும் ஈஎம்ஐல வாங்கிடலாம்."

"வாங்கலாமா டாக்டர்? நீங்களும் போட்டோ எடுப்பீங்கன்னு சொன்னாங்க" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏரிக்கரையில் கேமராவோடு நிற்கும் நிறைய பேருக்கு இதே சந்தேகம் இருக்கிறது.

முதலில் ஒரு உண்மையை உடைச்சிடலாம்.

பெட்டியில் "2000 மி.மீ." என்று போட்டிருப்பது நிஜ நீளம் கிடையாது. பி900 லென்ஸின் உண்மையான குவிய நீளம் அதிகபட்சம் 357 மி.மீ. தான். உள்ளே இருக்கும் சென்சார் சின்னது என்பதால், படத்தில் தெரியும் பரப்பு 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமாகிறது. ஏமாற்று இல்லை, கணக்கு அப்படி.

எவ்வளவு சின்னது? ஏறக்குறைய 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். நம்ம சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. சாதாரண நிகான் டிஎஸ்எல்ஆரில் இருப்பது 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் 13 மடங்கு.

"அப்போ டிஎஸ்எல்ஆர் படம் 13 மடங்கு நல்லா இருக்குமா?"

இங்கேதான் எல்லோரும் தப்பு பண்றாங்க.

தூரத்துப் பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை முடிவு செய்வது சென்சார் மட்டும் இல்லை. லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் முக்கியம். நம்ம கண்ணில் பாப்பா விரிந்தால் வெளிச்சம் கூடுவது போலத்தான்.

கணக்கு சுலபம். குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுக்கணும்.

பி900 முழு ஜூமில்: 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ.

டிஎஸ்எல்ஆரில் நிறைய பேர் போடும் 70-300 லென்ஸ்: 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54 மி.மீ.

பார்த்தீங்களா? இரண்டும் ஒன்றுதான்!

அதாவது ஏரிக்கு நடுவில் கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரையை, 70-300 போட்ட டிஎஸ்எல்ஆரில் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினால், பி900ஐ விடப் பெரிசா எதுவும் ஜெயிக்காது. நல்ல வெயிலில் பி900 படத்தில் விவரம் கூடவே தெரியும். காரணம், டிஎஸ்எல்ஆர் படத்தில் அந்த நாரைக்குக் கிடைப்பது கொஞ்சம் பிக்சல்தான். பி900இல் ஃபிரேம் முழுக்க நாரை.

"அது பொம்மை" என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, 150-600 லென்ஸ்?

600ஐ 6.3ஆல் வகுத்தால் 95 மி.மீ. வாய். பி900ஐ விட மூன்று மடங்கு வெளிச்சம். இது நிஜமான வித்தியாசம். இறகு இறகாகப் பிரிந்து தெரியும். காலை ஆறு மணி மங்கல் வெளிச்சத்திலும் புள்ளி புள்ளியாக நுரை தட்டாது. பையன் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

நிகான் பி1000 இருக்கிறதே, 3000 மி.மீ.? அதன் வாய் 67 மி.மீ. எண் பெரிசு, முன்னேற்றம் கொஞ்சம். எடையோ 1.4 கிலோ.

டிஎஸ்எல்ஆர் அடித்து நொறுக்கும் இடங்களையும் சொல்லிடறேன். ஒருதலைப்பட்சமா பேசக் கூடாது.

ஒன்று, பறவை பக்கத்தில் வரும்போது. மீன்கொத்தி பத்தடி தூரத்தில் வந்து உட்கார்ந்தால் பிரிட்ஜ் கேமராவில் ஜூமைக் குறைக்கணும். குறைத்தால் அதன் வாயும் சுருங்கிடும். 70-300 காட்டும் அதே பரப்புக்கு வந்தால் 20 மி.மீ.க்குள் போய்விடும். டிஎஸ்எல்ஆருக்கு அதே 54 மி.மீ. அப்படியே இருக்கும். அங்கே போட்டியே இல்லை.

இரண்டு, பறக்கும் பறவை. டிஎஸ்எல்ஆர் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். பி900, பி950, பி1000 மூன்றும் முன்னும் பின்னும் தேடிப் பிடிப்பதற்குள் ஆலா அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். சோனி ஆர்எக்ஸ்10 நான்காவது மாடல் இதில் விதிவிலக்கு. ஒரு இஞ்ச் சென்சார், வேகமான ஃபோகஸ், ஆனா 600 மி.மீ. அளவோடு நின்றுவிடும். விலையும் அதிகம்.

மூன்று, பி900 வெறும் ஜேபெக் மட்டும் தரும். நுரையை மறைக்கிறேன் என்று கேமராவே இறகை வழவழவென்று வாட்டர் கலர் ஓவியம் மாதிரி ஆக்கிவிடும். 2020இல் வந்த பி950இல் ரா ஃபைல் வசதி இருப்பதால் கொஞ்சம் மீட்டெடுக்கலாம்.

அப்போ எதை வாங்குவது?

கிளினிக்கில் நாங்கள் ஸ்கேன் எழுதும் முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்குவோம். இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது? நெஞ்சு சளிக்கு எம்ஆர்ஐ எழுத மாட்டோம். எக்ஸ்ரே மட்டமான கருவி என்பதால் இல்லை, எம்ஆர்ஐ உசத்தி என்பதாலும் இல்லை. கேள்விக்கு ஏற்ற கருவி வேணும், அவ்வளவுதான்.

அவரிடமும் அதையே கேட்டேன். "சார், போட்டோ எடுத்து என்ன பண்றீங்க?"

"என்ன பறவைன்னு கண்டுபிடிச்சு ஈபேர்ட்ல ஏத்துவேன் டாக்டர். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல கலந்துக்கிட்டேன். பேத்திக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவேன்."

முடிஞ்சுது. இதுக்கு அந்தக் கேமரா தாராளம்.

ஒரு உதாரணம். ஏரியில் தூரத்தில் ஒரு ஆலா உட்கார்ந்திருக்கிறது. ஆற்று ஆலாவா, மீசை ஆலாவா? ஆற்று ஆலாவுக்கு அலகு பளிச்சென்று மஞ்சள். குளிர்காலத்தில் மீசை ஆலாவுக்கு அலகு கருப்பு. அலகின் நிறம் தெரிந்தால் போதும், விடை கிடைச்சாச்சு. இறகின் ஒவ்வொரு நாரும் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பதிவு சின்ன விஷயமும் இல்லை. நம்ம பக்கத்து ஏரிகளைச் சுற்றி வீடும் கழிவுநீரும் நெருக்கிக்கொண்டே வருகின்றன. "இங்கே இந்தத் தேதியில் இத்தனை பறவை இருந்தது" என்பதற்கு ஆதாரம் இப்படி தினமும் கரையில் நிற்கிறவர் எடுத்த சுமாரான படம்தான். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்த அட்டகாசமான படம் அதைச் செய்யாது.

அடுத்து எடை.

150-600 லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவை ஒட்டி வரும். கேமரா சேர்ந்தால் இரண்டரையைத் தாண்டும். பி900 ஒரு கிலோவுக்கும் குறைவு. சுகர் இருப்பவர்களுக்குத் தோள்பட்டை மூட்டு இறுகி, கையைத் தூக்க முடியாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். இவருக்கு இடது தோளில் ஏற்கெனவே அந்த வலி ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தோளில் இரண்டரை கிலோவைத் தூக்கி ஆகாயத்தைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போ என் கதை. சிரிக்காதீங்க.

சில வருஷம் முன்னாடி நானும் டிஎஸ்எல்ஆரும் பெரிய லென்ஸும் ஈஎம்ஐயில் வாங்கினேன். முதல் மாசம் செம்பரம்பாக்கம், கொரட்டூர் என்று சுத்தினேன். அப்புறம் பையைத் தூக்கணுமே என்ற நினைப்பிலேயே ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். ஈஎம்ஐ முடிந்த மாசம் அலமாரியைத் திறந்து பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சென்னை ஈரப்பதம் சும்மா விடுமா? ஊருக்கெல்லாம் "தினமும் நடங்க" என்று சொன்ன டாக்டர் நடக்கவே இல்லை.

ஆகவே என் கருத்து:

• பறவையை அடையாளம் காண, பதிவு செய்ய, நடக்க: பிரிட்ஜ் கேமரா போதும்.

• பறக்கும் பறவை, பெரிய பிரிண்ட், போட்டி என்று ஆசை இருந்து, தூக்கும் தெம்பும் இருந்தால்: டிஎஸ்எல்ஆர், 150-600. 2020க்குப் பிறகு கேனானோ நிகானோ புது டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் பார்ப்பதே புத்திசாலித்தனம். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

• டிஎஸ்எல்ஆரும் 70-300ம் மட்டும் வாங்கி தூரத்துப் பறவை எடுக்கலாம் என்றால்: வேண்டாம். காசும் போகும், பறவையும் சின்னதாகத்தான் தெரியும்.

• எந்தக் கேமராவானாலும் காலை எட்டு மணிக்குள் எடுத்துடுங்க. வெயில் ஏறியதும் கரைக்கும் பறவைக்கும் நடுவில் காற்று கானல் மாதிரி நெளியும். அதை எத்தனை லட்சம் லென்ஸாலும் சரி பண்ண முடியாது.

• காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். கட்டாயம்.

அவரிடம் கடைசியாகச் சொன்னது: "சார், பையன் ஆசையா வாங்கித் தரேன்னா, அந்தக் காசுல நல்ல ஷூவும் ஒரு பைனாகுலரும் கேளுங்க. மீதியை அவனே வெச்சுக்கட்டும். உங்க 9.4ஐ 7.1 ஆக்கினது இந்தப் பழைய கேமராதான். அதை மாத்தாதீங்க."

சிரித்துக்கொண்டே பையிலிருந்து கேமராவை எடுத்து அன்றைக்குக் காலையில் எடுத்த கூழைக்கடாவைக் காட்டினார். இறகு கொஞ்சம் வழவழதான். ஆனா அலகுக்குக் கீழே பை, அதில் தொங்கும் தண்ணீர்ச் சொட்டு வரை தெரிந்தது.

என் லென்ஸ் அலமாரியில் தூங்கிய நாளில் எனக்குக் கிடைக்காத படம் அது.

நல்ல கேமரா எது என்று கேட்டால், நாளைக்குக் காலையிலும் உங்களை வீட்டை விட்டுக் கிளப்புவது எதுவோ அதுதான்.



பொதுநல மருத்துவர்
ஆவடி