மலையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்

குற்றாலத்து மழைக்கும் புளியரை மலைப்பாதைக்கும் டொயோட்டா ஃபார்ச்சூனர்தான் சரி என்ற வாதத்தை ஏற்க முடியாது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போவது தார்ச்சாலை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் அரசுப் பேருந்தும் பாரம் ஏற்றிய லாரியும் நாள்தோறும் போய்வருகின்றன, நான்கு சக்கர இழுவை இல்லாமலே. ஃபார்ச்சூனரிலேயே அந்த வசதி இல்லாத ரகமும் விற்கிறது. மலைதான் காரணமென்றால் அதை ஏன் வாங்குகிறார்கள்? இழுவைதான் தேவையென்றால் 2023இல் வந்த மாருதி ஜிம்னி பாதி விலைக்கும் குறைவு.

கனமான வண்டி பாதுகாப்பு என்பார்கள். மோதலில் கனம் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் நனைந்த இறக்கத்தில் இரண்டு டன் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியவை பிரேக்கும் டயரும்தான். நான்கு சக்கர இழுவை ஏறத்தான் உதவும், நிறுத்த உதவாது.

உண்மையான காரணங்கள் வேறு: 2009 முதல் இங்கே ஓடிப் பெயரெடுத்த வண்டி, நல்ல மறுவிற்பனை விலை, கல்யாண மண்டப வாசலில் கிடைக்கும் மரியாதை. அவற்றை வெளிப்படையாகச் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் சாரல் காலத்தில் 4.8 மீட்டர் நீள வண்டி ஐந்தருவிச் சாலையோரம் நின்றால், குழந்தையோடு நடந்து வருபவர்கள் நடுரோட்டுக்குத் தள்ளப்படுகிறார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு அருவிக்கு நடந்து வாருங்கள்.