கணினிக்கு யார் உரிமையாளர்?

"விண்டோஸ்தான் கணினியோடு சும்மா வருகிறதே, லினக்ஸ் எதற்கு?" என்று கேட்கிறார்கள். சும்மா வரவில்லை, அதன் விலையும் கணினியின் விலைக்குள் அடக்கம். அப்படி வரும் உரிமம் பெரும்பாலும் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். புதுக் கணினி வாங்கினால் மறுபடியும் காசு.

விலையை விடுங்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பழசு என்று தீர்மானித்தது யார்? காசு கொடுத்து வாங்கியவர் அல்ல.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. எத்தனை கணினியிலும் நிறுவலாம். நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். ஒரு குழு கைவிட்டால் இன்னொரு குழு எடுத்து நடத்தலாம்.

"பழகுவது கஷ்டம்" என்பது அடுத்த வாதம். கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

டாலியும் போட்டோஷாப்பும் இல்லாமல் பிழைப்பு நடக்காதவர்களுக்கு விண்டோஸ் வேண்டும், மறுக்கவில்லை. மற்றவர்கள் பென் டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, ஹார்டு டிஸ்கில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்கின்றனவா? அப்படியானால் காசும் கொடுத்து, கட்டுப்பாட்டையும் விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை.