நெய்வேலி மண்மேடும் வந்தேறிக் களையும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கென 1957-இல் அகழ்வு தொடங்கிற்று. கரிக்கு மேலே 150 அடியினும் மிக்க ஆழத்துக்குக் கிடக்கும் மண்ணும் மணற்கல்லும் வாரி மேடாகக் கொட்டப்படுகின்றன. உழவர் தலைமுறை தலைமுறையாய் எருவிட்டுப் பேணிய மேல்மண் அடியிற் புதைந்து, உரமற்ற அடிமண் மேலேறுமாயின், அங்கு முந்திக்கொண்டு குடியேறுவது வேம்பன்று, சீமைக்கருவேலமும் பார்த்தீனியமுமே! இரண்டும் அமெரிக்க நிலத்து வரவுகள். வந்தேறிக்கு இடங்கொடுத்துத் தன்னதைத் தொலைப்பது நம்மவர்க்குச் சொல்லிலும் பழக்கம், செடியிலும் பழக்கம்.

கருவேலத்தைத் தரையோடு வெட்டிப் பயனில்லை. அடிக்கட்டை பல கிளையாய்த் துளிர்க்கும். வேர்க்கட்டையொடு பெயர்த்தெடுத்தல் வேண்டும். நெற்றைத் தின்னும் ஆடுமாடுகள் சாணத்தொடு விதையைப் பரப்புமாதலின், அது காய்க்குமுன்னரே நடைபெறல் நன்று. பார்த்தீனியமோ ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை சிந்துவது. தொடுவார்க்குத் தோலரிப்புந் தருவது. பூக்குமுன் கையுறையிட்டுப் பிடுங்குக. பிடுங்கிய இடத்தை வெறுமையாய் விட்டால் மீண்டும் அதுவே முளைக்கும். கொழுஞ்சியும் தகரையும் அடர விதைத்தால் அதற்கு இடமிராது. கொழுஞ்சி மண்ணுக்கு உரமுமாம்.

மேல்மண்ணைத் தனியே காத்து, மேட்டின்மீது மீளப் பரப்புதல் சுரங்கத்தார் கடன். நட்ட கன்றின் கணக்கு மட்டும் போதாது. ஆண்டுதோறும் களையெடுத்த கணக்கையும் ஊரறியக் காட்டுக. அப்பணிக்கு நிலமிழந்த சிற்றூராரையே நிறைகூலி தந்து அமர்த்துக.