ஒற்றனைவிடக் கொடியது ஐயம்



உரிமைக்காகக் குரல் கொடுக்கும் இயக்கங்களை அரசுகள் மறைவாக வேவு பார்ப்பது புதிதன்று. இதுபற்றிப் பேச்செடுத்தால் நம்மவரிடம் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "நாம் தவறு செய்யவில்லையே, ஏன் அஞ்ச வேண்டும்?" என்பது ஒன்று. "யாரையும் நம்பாதே, பக்கத்தில் இருப்பவனே ஒற்றன்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. அதிலும் இரண்டாவது, ஒற்றன் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து முடிப்பதாகும்!

அமெரிக்க வரலாற்றைப் பாருங்கள். அந்நாட்டின் நடுவண் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., 1956 முதல் 1971 வரை 'கோயின்டெல்புரோ' என்னும் மறைமுகத் திட்டத்தை நடத்தியது. பொதுவுடைமைக் கட்சியைச் சிதைக்கத் தொடங்கிய அது, கறுப்பின உரிமை இயக்கங்கள், போர் எதிர்ப்பு மாணவர்கள் எனப் பரவியது.

தவறு செய்யாதவருக்கு அச்சமில்லை என்போர், மார்ட்டின் லூதர் கிங்கை எண்ணிப் பார்க்கட்டும். வன்முறையை அறவே மறுத்தவர் அவர். அவருடைய தொலைபேசி ஒட்டுக் கேட்கப்பட்டது. தங்கிய விடுதி அறைகளில் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டன. 1964 நவம்பரில், நோபல் அமைதிப் பரிசைப் பெற்றுக்கொள்ளச் சில வாரங்களே இருந்தபோது, ஓர் ஒலிநாடாவும் மொட்டைக் கடிதமும் அவருக்கு அனுப்பப்பட்டன. தற்கொலைக்குத் தூண்டும் கடிதம் அது. அனுப்பியது எஃப்.பி.ஐ. என்பது பின்னர் அமெரிக்க மேலவைக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது.

இனி, எல்லாரையும் ஐயப்படுவோருக்கு ஒரு செய்தி. வில்லியம் ஆல்பர்ட்சன் பொதுவுடைமைக் கட்சியின் நெடுநாள் தொண்டர். 1964இல் அவருடைய கையெழுத்தைப் போலவே எழுதப்பட்ட போலி உளவறிக்கை ஒன்று, தோழர்களின் கண்ணில் படும்படி வைக்கப்பட்டது. கட்சி அவரைத் துரோகி என்று வெளியேற்றியது. அவர் 1972இல் இறந்தார். உண்மை வெளிவந்த பின்னர், 1989இல்தான் அரசு அவர் மனைவிக்கு 170,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

சிக்காகோவில் என்ன நடந்தது? கரும்சிறுத்தைக் கட்சியின் 21 வயதுத் தலைவர் பிரெட் ஹாம்ப்டன், 1969 திசம்பர் 4ஆம் நாள் விடியற்காலையில் தம் வீட்டிலேயே காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் வில்லியம் ஓநீல். கட்சியின் பாதுகாப்புப் பொறுப்பே அவரிடம்தான் இருந்தது! துரோகி என்று விரட்டப்பட்டவர் குற்றமற்றவர். காவலுக்கு நிறுத்தப்பட்டவரே ஒற்றர். முகத்தைப் பார்த்து ஒற்றனைக் கண்டுபிடிப்பேன் என்பார் இதற்கு என்ன விடை சொல்வார்?

1971 மார்ச் 8ஆம் நாள் இரவு, பென்சில்வேனியாவின் மீடியா நகரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துள் எட்டுப் பேர் புகுந்து கோப்புகளை எடுத்து வந்து, இதழ்களுக்கு அனுப்பினர். அவற்றுள் ஒரு குறிப்பு, ஒவ்வோர் அஞ்சல் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் அதிகாரி இருக்கிறார் என்ற எண்ணத்தை இயக்கத்தினரிடம் வளர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆம், அச்சமும் ஐயமுமே அவர்கள் விரும்பிய விளைச்சல்.

அப்படியானால் தற்காப்பு எது?

1. வெளிப்படையாகச் செய்யக்கூடியதை வெளிப்படையாகவே செய்க. கணக்கும் கூட்டக் குறிப்பும் ஒழுங்காக இருந்தால் அவதூறுக்கு இடம் குறையும்.

2. பிறருடைய முகவரி, உடல்நலம், குடும்பச் சிக்கல் போன்றவற்றைத் தேவையானவர் மட்டும் அறிந்தால் போதும்.

3. மொட்டைக் கடிதம் வந்தால் பரப்பாதீர். யாரைப் பற்றியதோ அவரிடமே நேரில் காட்டி விளக்கம் கேளுங்கள்.

4. சான்றின்றி எவரையும் ஒற்றர் என்று சொல்லாதீர். ஐயம் இருப்பின் பொறுப்பாளர் இருவர் மூவரிடம் மட்டும் சொல்லி, உண்மையை ஆராயுங்கள்.

5. அதிகாரிகள் வினவ வந்தால் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

6. மறையாக்கம் கொண்ட செயலிகள் நல்லவையே. ஆயினும் பெகசஸ் போன்ற உளவு மென்பொருள் கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிட்டால் அவையும் காக்கமாட்டா.

"அப்படியென்றால் உண்மையான ஒற்றனை விட்டுவிடுவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஆளைத் துருவாதீர், செயலைப் பாருங்கள். வன்முறைக்குத் தூண்டுபவர், பணத்தில் ஒளிவு செய்பவர், நண்பர்களிடையே பகை மூட்டுபவர் யாராயினும் தடுத்து நிறுத்துங்கள். அவர் ஒற்றராயின் அவர் வேலை கெடும். அல்லராயின் சங்கமாவது பிழைக்கும்.

திருக்குறளில் 'ஒற்றாடல்' 59ஆம் அதிகாரம். ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அங்கே வள்ளுவர் மன்னனுக்கு அறிவுறுத்துகிறார். ஒற்றனை ஏவிய மன்னனுக்கே அந்த நிதானம் வேண்டும் என்றால், பெயர் போடாத தாளொன்றை நம்பி நாற்பதாண்டு நட்பை முறித்துக்கொள்ளும் நம்மை என்னென்பது?

பெற்றோர் ஆசிரியர் சங்கமாயினும் உரிமை இயக்கமாயினும், அதைத் தாங்கி நிற்பது உறுப்பினர் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையே. அதை எந்த அரசாலும் பறிக்க இயலாது. நாமாக எடுத்துக் கொடுத்தால் ஒழிய.

சிந்திப்போம்!