சாதம் இருக்கு, முட்டை இருக்கு... பாக்கெட் எதுக்கு?

சாயங்காலம் ஐந்து மணி. ஸ்கூல் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "அம்மா, பசிக்குது!" என்று வந்து நிற்கிறாள் உங்கள் பெண். அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "அந்தக் கொரியா நூடுல்ஸ் வாங்கி வச்சிருக்கியா?"

இன்றைக்குப் பல வீடுகளில் இதுதான் நிலவரம். கொரியத் தொடர்களில் யாராவது ஒருவர் ராத்திரியில் உட்கார்ந்து, சிவக்கச் சிவக்க நூடுல்ஸை உறிஞ்சுகிறார். பார்க்கிற பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறாமல் என்ன செய்யும்? தெருமுனை மளிகைக் கடையிலேயே அந்த பாக்கெட் வந்துவிட்டது. நாமும், "ஆசைப்படுது, பாவம்" என்று வாங்கிக் கொடுத்து விடுகிறோம்.

ஆசைப்படுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். அடுத்த நாட்டுச் சாப்பாட்டை ருசிக்க விரும்புவது நல்ல குணம்தான். என் ஆதங்கமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கொரியாவிலிருந்து வந்ததில் பாக்கெட்டை மட்டும் பிடித்துக் கொண்டு, அந்த வீடுகளின் சமையலறையை விட்டுவிட்டோமே!

அங்கே மட்டும் நூடுல்ஸ் சாப்பிடுவதில்லையா என்று கேட்பீர்கள். சாப்பிடுகிறார்கள், நிறையவே சாப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டில் குழம்பு, கூட்டு எதுவும் இல்லாத நாளில், பசியோடு வந்த பிள்ளைக்குக் கொரிய அம்மா சட்டென்று போட்டுக் கொடுக்கிற இன்னொன்றும் இருக்கிறது. சூடான சாதம், அதன் மேல் முட்டை, கொஞ்சம் சோயா சாஸ், சில துளி எள்ளெண்ணெய். அவ்வளவுதான். பெயர், 'கான்ஜாங் கேரான் பாப்'. கான்ஜாங் என்றால் சோயா சாஸ், கேரான் என்றால் முட்டை, பாப் என்றால் சாதம். நூடுல்ஸ் கொதிக்கிற நேரத்துக்குள் இதுவும் தயார்.

'பாப்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சாதத்துக்கும் அதுதான் பெயர், சாப்பாட்டுக்கும் அதுதான் பெயர். தெரிந்தவர்களைப் பார்த்தால் "பாப் சாப்பிட்டாச்சா?" என்றுதான் அங்கே குசலம் விசாரிப்பார்கள். நம்ம ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோமே, அதே பாசம்தான்.

ஒரு முட்டைக்கு இருந்த மதிப்பு

இன்று அங்கே முட்டை சாதாரணப் பொருள். ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1970-களில் கொரியாவில் அரிசிக்கே தட்டுப்பாடு. சாதத்தில் பார்லி கலந்திருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் மாணவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்களாம்! அந்த நாட்களில், சாதத்தின் மேல் பொரித்த முட்டை ஒன்று இருந்தால் அந்தப் பையன் வசதியான வீட்டுப் பையன் என்று அர்த்தம். மற்ற பிள்ளைகள் பிடுங்கிக் கொள்ளக் கூடாதே என்று முட்டையைச் சாதத்துக்கு அடியில் ஒளித்து வைத்து அனுப்பிய அம்மாக்களைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த முட்டைதான் இன்று 'ஒன்றுமில்லாத நாளின் சாப்பாடு' ஆகியிருக்கிறது. சாதத்தின் கதை இதற்கு நேர் எதிர். 1970-ல் ஒரு கொரியர் வருடத்துக்குச் சுமார் 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2023-ல் அது 56 கிலோ! ரொட்டியும், மாவுப் பண்டங்களும், ஓட்டல் சாப்பாடும் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டன. ஆனாலும் உடம்பு சரியில்லாதபோதும், மனசு சோர்ந்தபோதும், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும்போதும் அவர்கள் திரும்பி வருவது இந்த ஒரு கிண்ணம் சாதத்துக்குத்தான்.

செய்து பார்க்கலாமா?

ஓர் ஆளுக்கு அளவு சொல்கிறேன். சூடான சாதம் ஒரு கிண்ணம் (சுமார் 200 கிராம்), முட்டை இரண்டு (சின்னக் குழந்தைக்கு ஒன்று போதும்), சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் அரை டீஸ்பூன், வறுத்த எள் அரை டீஸ்பூன், முட்டை பொரிக்க எண்ணெய் ஒரு டீஸ்பூன். வெங்காயத்தாள் இருந்தால் பொடியாக நறுக்கி ஒரு பிடி. இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

முதலில் சாதம். கொரிய அரிசி குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். அதற்காக நீங்கள் கடை கடையாக அலைய வேண்டாம். பச்சரிசியில் வழக்கத்தைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூட வைத்துக் குழைவாக வடித்தால் போதும். புழுங்கலரிசிச் சாதமும் தாராளமாக ஆகும். சாதம் ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அந்தச் சூட்டில்தான் எண்ணெயும் சாஸும் வாசனை விட்டுக் கலக்கும்.

அடுத்தது எள். கொரியர்களின் எள்ளெண்ணெய், எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிவது. நிறம் பழுப்பு, வாசனை தூக்கலாக இருக்கும். அதில் பொரிப்பதில்லை, கடைசியில் சில துளி விடுவதோடு சரி. நம்ம நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அதனால் வாசனை மென்மை. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து, உள்ளங்கையில் தேய்த்துத் தூவுங்கள். நல்லெண்ணெயோடு அது சேர்ந்ததும் அந்த மணம் வந்துவிடும்.

இப்போது முட்டை. தோசைக்கல்லிலோ வாணலியிலோ எண்ணெய் விட்டு, மிதமான தீயில் முட்டையை உடைத்து ஊற்றுங்கள். உப்பு போடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஓரத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆவியிலேயே மஞ்சள் கருவும் கெட்டியாகிவிடும். அடுப்பை அணைத்ததும், சோயா சாஸைக் கல்லின் சூடான ஓரத்தில் விடுங்கள். 'சுர்' என்று பொங்கி ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள்! அப்படியே வழித்துச் சாதத்தின் மேல் போட்டு, நல்லெண்ணெய், எள், வெங்காயத்தாள் தூவி, ஸ்பூனால் முட்டையைக் கொத்திக் கொத்திப் பிசைந்து சாப்பிட வேண்டியதுதான். கொரியர்களும் சாதத்தைச் சாப்பிடுவது ஸ்பூனால்தான். நீங்கள் கையால் பிசைந்தால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்!

முட்டை சாப்பிடாத வீடா? அங்கேயே சோயா பனீரான டோஃபுவை வறுத்து, இதே சாஸோடு சாதத்தில் போட்டுச் சாப்பிடும் வழக்கம் உண்டு. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

உப்பு... உஷார்!

இந்தக் கிண்ணத்தில் உடம்புக்கு ஆகாத ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் அது சோயா சாஸ்தான். ஒரு டீஸ்பூன் சாஸில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது சுமார் ஐந்து கிராம் உப்பு. முட்டைக்கு உப்பு வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். பாட்டிலைக் கவிழ்த்தால் 'மடமட'வென்று மூன்று டீஸ்பூன் விழுந்துவிடும். கண்டிப்பாக ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அரை டீஸ்பூனோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

அதற்கு நூடுல்ஸே மேல் என்று நினைத்து விடாதீர்கள். கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டுகள் பலவற்றில், மசாலாவைப் பூராவும் கொட்டினால் சோடியம் 1,500 மில்லிகிராமைத் தாண்டுகிறது! பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள், நீங்களே அசந்து போவீர்கள். முட்டை சாதத்தில் உப்பின் லகான் உங்கள் கையில் இருக்கிறது. பாக்கெட்டில் அது யாரோ ஒருவர் கையில்.

கொரியர்களே பட்டுத் தெரிந்து கொண்ட பாடம் இது. கிம்ச்சி, சூப், சாஸ் என்று எல்லாமே உப்பு. 2010-ல் அங்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட சோடியம் சராசரியாக 4,800 மில்லிகிராம்! 2012-ல் அரசாங்கமே உப்பைக் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. 2022-ல் சராசரி 3,100-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாக்கைப் பழக்கினால் பழகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாஸ் வாங்கும்போது ஒரு விஷயம். சோயா பயறை மாதக்கணக்கில் புளிக்க வைத்துச் செய்வதுதான் கொரியர்களின் பாரம்பரிய முறை. அந்தக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடைகளில் கிடைக்கும் மலிவான சாஸ் சில, நிறமும் சர்க்கரையும் கலந்தவை. லேபிளில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று சுருக்கமாக எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரைடு ரைஸுக்கு ஊற்றும் கெட்டிக் கறுப்பு சாஸ் இதற்கு வேண்டாம். சோயாவோ கோதுமையோ ஒத்துக் கொள்ளாதவர்கள் சாஸை விட்டுவிட்டு மிளகுத்தூளும் துளி உப்பும் போட்டுக் கொள்ளலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை

தொடர்களில் சில சமயம் பச்சை மஞ்சள் கருவைச் சாதத்தின் மேல் அப்படியே விட்டுக் கலக்குவார்கள். பார்க்க அழகு! நம் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சால்மொனெல்லா என்ற கிருமி பச்சை முட்டையில் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் அது பெரிய தொல்லை கொடுக்கும். பச்சை முட்டையில்தான் சத்து அதிகம் என்பதும் வெறும் நம்பிக்கை. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேருகிறது, பச்சை முட்டையில் பாதிதான் என்று 1998-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டாவது, பழைய சாதம். மத்தியானம் வடித்த சாதம் ராத்திரிவரை அடுப்பங்கரையிலேயே இருந்தால், அதில் ஒரு வகைக் கிருமி வளர்ந்து நச்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் சீக்கிரமே ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது ஆவி வரும்வரை சூடு பண்ணுங்கள்.

சத்துக் கணக்கு? இரண்டு முட்டை போட்ட கிண்ணத்தில் சுமார் 480 கலோரி, 17 கிராம் புரதம். குறை என்று சொன்னால் நார்ச்சத்துதான். பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயையோ கேரட்டையோ நறுக்கி வைத்தால் அதுவும் தீர்ந்தது. சர்க்கரை நோயாளிகள் சாதத்தைப் பாதியாக்கி, காய்கறியை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் எத்தனை முட்டை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

யார் செய்வது?

"இதெல்லாம் ஒரு சாப்பாடா? குழம்பு எங்கே, ரசம் எங்கே?" என்று வீட்டில் ஒரு குரல் எழும்பும், எனக்குத் தெரியும். குழம்பும் ரசமும் இருக்கிற நாளில் பேஷாகச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? நான் பேசுவது அவை இல்லாத நாளைப் பற்றி. ஆபீஸ் பஸ் லேட்டான நாள். உங்களுக்கே ஜுரம் அடிக்கிற நாள். எல்லோரும் வெளியே போய்விட, 'எனக்கு ஒருத்திக்காகவா அடுப்பு மூட்டுவது?' என்று நீங்கள் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டிவிடுகிற நாள்.

அந்த நாட்களில்தான் பாக்கெட் உள்ளே நுழைகிறது. வீட்டில் சாதமும் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. அதைச் சாப்பாடாக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். நீங்கள்! நீங்கள் இல்லையென்றால் வீடே பட்டினி, அல்லது நூடுல்ஸ். இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, சொல்லுங்கள்?

கொரியாவில் இன்று மூன்று வீட்டில் ஒன்றுக்கு மேல் ஒற்றை ஆள் குடித்தனம். ஆணோ பெண்ணோ, ஒரு கிண்ணம் சாதத்தைத் தானே சாப்பாடாக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம். நம் பிள்ளைகளும் நாளைக்குக் காலேஜ், வேலை என்று வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கத்தானே போகிறார்கள்? அப்போது அவர்களோடு போக வேண்டியது பாக்கெட்டா, கைப்பழக்கமா?

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அடுப்பு பக்கத்தில் நிறுத்தி வைத்து, இந்த முட்டை சாதத்தை அவள் கையாலேயே செய்ய விடுங்கள். 'அவள்' என்றேனே தவிர, பையனுக்குத்தான் முதலில் கற்றுக் கொடுக்க வேண்டும்! உங்கள் கணவருக்கும் தெரியாது என்றால் அவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். முட்டை கல்லில் கொஞ்சம் ஒட்டும், ஓடு ஒன்றிரண்டு விழும், சாஸ் சிந்தும். சிந்தட்டுமே! பக்கத்தில் நின்று பாருங்கள், கையைப் பிடித்துப் பிடுங்கிச் செய்யாதீர்கள்.

பிறகு ஒருநாள் நீங்கள் களைத்துப் போய் வீட்டுக்கு வரும்போது, "அம்மா, நீ உட்காரு. உனக்கும் சேர்த்துப் பண்ணிட்டேன்" என்று ஒரு கிண்ணம் உங்கள் முன்னால் வரும். அந்தச் சுகத்தை எந்த பாக்கெட்டாவது கொடுக்குமா?