பாஸ் ஆன பிறகுதான் பேச்சு

விமான சிமுலேட்டர்களுக்கு இரவு பகல் கிடையாது. பல கோடி ரூபாய் இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வராது. எனவே ஹைதராபாத், பெங்களூர், டெல்லி வட்டாரப் பயிற்சி மையங்களில் நள்ளிரவு தாண்டியும் விமானிகளுக்குச் சோதனை நடக்கிறது. இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டுபவர்கள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தகுதிச் சோதனையில் தேறியாக வேண்டும். ஏறத்தாழ நான்கு மணி நேர அவஸ்தை. இனி ஓடுதளத்தில் நிற்க முடியாது என்ற வேகத்தை எட்டியதும் ஒரு எஞ்ஜின் செயலிழக்கும். மிச்சமுள்ள ஒற்றை எஞ்ஜினோடு தரையிறங்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அதையும் கைவிட்டு மறுபடி மேலே எழும்ப வேண்டும். எல்லாம் முடிந்ததும் பரிசோதகர் படிவத்தில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திடுவார். கைகுலுக்கல், ஒரு காபி, வீட்டுக்கு கார்.

தோற்றவருக்கு அறிவுரை நிறையக் கிடைக்கும். மறுபயிற்சியும் உண்டு. தேறியவரிடம் பேச என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் ஆபத்தானது.

ஓர் உதாரணம். எஞ்ஜின் நின்றதும் விமானத்தின் வேகம் குறைகிறது. துணை விமானி தணிந்த குரலில் 'வேகம்' என்கிறார். கேப்டன் காதில் விழவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் சரிசெய்துவிடுகிறார். எல்லாம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான், இருவருமே பாஸ். ஆனால் முதல் குரல் ஏன் எடுபடவில்லை? இரண்டாவது குரலும் எடுபடாமல் போயிருந்தால் துணை விமானி என்ன செய்திருப்பார்? படிவத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. சோதனைக்குப் பிந்தைய பேச்சில், அதாவது 'டீபிரீஃபிங்'கில் மட்டுமே இடம் உண்டு.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிச் சரிந்து 158 பேர் இறந்தார்கள். தரையிறங்குவதைக் கைவிடும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் தொடர்ந்தார் என்றது விசாரணை அறிக்கை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் கொட்டும் மழையில் ஓடுதளத்தின் பாதி தூரத்தில் போய்த் தரை தொட்டது. 21 பேர் பலி. அங்கும் துணை விமானி 'மேலே போகலாம்' என்று குரல் கொடுத்திருந்தார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது. நால்வருமே முறையான உரிமம் பெற்ற விமானிகள்.

அப்படியானால் அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும். பாஸா ஃபெயிலா என்று தெரியாதவர் காதில் வேறெதுவும் ஏறாது. முடிவு தெரிந்த நிமிடத்தில் தோள்கள் தளரும், மனம் திறக்கும். அடுத்து, பரிசோதகர் தன் குறிப்பேட்டை மூடிவைத்துக் கேள்வி கேட்க வேண்டும்: 'எது நன்றாக வந்தது? ஏன்?' நன்றாக வந்தது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் அது கைகொடுக்கும். முதலில் பேச வேண்டியவர் துணை விமானி. கேப்டன் பேசி முடித்த பிறகு கேட்டால் அவர் தலையை மட்டுமே ஆட்டுவார்.

சொல்வது சுலபம், செய்வது கடினம். அமெரிக்காவின் ஐந்து விமான நிறுவனங்களில் சிமுலேட்டர் பயிற்சிக்குப் பின் நடந்த 36 பேச்சுகளை நாசா ஆய்வாளர்கள் 1997இல் வெளியான அறிக்கையில் அலசினார்கள். விமானிகளைப் பேசவைக்கும் திறமை பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. கேட்டால் விமானிகள் பதில் சொன்னார்கள், ஆனால் தாமாக முன்வந்து தங்களை அலசிக்கொள்ளவில்லை. பேசவைப்பதும் கற்றுத்தர வேண்டிய கலைதான் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் இதோடு 'சார்' கலாசாரமும் சேர்ந்துகொள்கிறது. பரிசோதகர் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் சீனியர். இன்று மனம் விட்டுச் சொல்வது நாளை பதவி உயர்வுக்கு வேட்டு வைக்குமோ என்று அஞ்சும் விமானி, 'எல்லாம் ஓகே சார்' என்று எழுந்துவிடுவார். தேறிய பிறகு பேசியது எதுவும் அவரது கோப்பில் ஏறாது என்ற உறுதியை நிறுவனம் தர வேண்டும். அடுத்த குழு கதவருகே காத்திருக்கும்போது நிதானமாகப் பேச முடியாது. எனவே அதற்கென முக்கால் மணி நேரத்தையும் தனி அறையையும் அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். சிமுலேட்டர் வாடகையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஓடுதளத்தின் பாதியைத் தாண்டிய பிறகும் சக்கரம் தரை தொடாத ஒரு மழை இரவில், 'வேண்டாம், மேலே போ' என்ற குரலுக்குக் கேப்டன் உடனே செவிசாய்ப்பாரா என்பது அந்த முக்கால் மணி நேரத்தில் முடிவாகலாம்.