படத்துக்கு யாரிடம் கேட்டீர்கள்?



பிரவுசிங் சென்டர் காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். பச்சைப் பசேலென்று ஒரு புல்மேடு, மேலே நீல வானம், அங்கங்கே வெண்மேகம். விண்டோஸ் எக்ஸ்பி திறந்தவுடன் திரை முழுக்க அதுதான். கம்ப்யூட்டரிலேயே வரைந்த படம் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். ஆனால் அது கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் சாலையோரமாக நின்று ஃபிலிமில் எடுத்த அசல் ஃபோட்டோ. எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர், நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகைக்காக நெடுங்காலம் படம் எடுத்தவர். 1996 ஜனவரியில், மழை ஓய்ந்த ஒரு நாளில், காதலியைப் பார்க்கக் காரில் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டி எடுத்தார்.

யாரும் கேட்டு எடுத்த படமில்லை. வெஸ்ட்லைட் என்ற ஏஜென்சியிடம் கொடுத்து வைத்தார். 1998-இல் அந்த ஏஜென்சியை பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தின் முழு உரிமையையும் கேட்டது. என்ன விலைக்குப் போனது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் அந்த மதிப்புக்கு இன்சூரன்ஸ் கொடுத்து ஃபிலிமைக் கொண்டுபோக எந்த கூரியரும் முன்வராததால், விமான டிக்கெட் அனுப்பித் தன்னையே நேரில் எடுத்துவரச் சொன்னார்கள் என்று ஓ'ரியர் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு எடுத்து வைப்பது, என்றைக்கோ யாருக்கோ தேவைப்படும்போது விற்பது. ஸ்டாக் ஃபோட்டோ வியாபாரம் இவ்வளவுதான். ஆட்டோ பெட்மன் என்ற யூத நூலகர் 1935-இல் நாஜிகளின் ஜெர்மனியை விட்டு நியூயார்க்குக்குக் கிளம்பியபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் படங்களோடுதான் கிளம்பினார். அதை வைத்துத் தொடங்கிய சேகரிப்பு பின்னாளில் 1 கோடிப் படங்களைத் தாண்டியது. 1995-இல் கார்பிஸ் அதையும் வாங்கி, பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள், ஃபிலிம் கெடாதபடி குளிரூட்டி வைத்தது.

மைக்ரோசாஃப்ட்போல முழு உரிமையையும் வாங்குகிறவர்கள் அபூர்வம். மற்றவர்கள் வாங்குவது படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். பழைய முறையில் ஏஜென்சிக்காரர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள்: அட்டைக்கா, உள்பக்கத்துக்கா? எத்தனை பிரதி? எந்தெந்த நாடு? எத்தனை மாதம்? ஒவ்வொரு பதிலுக்கும் விலை ஏறும், இறங்கும். அடுத்த வருஷம் அதே படத்தை மறுபடி போட்டால் மறுபடி காசு. இன்று பரவலாக இருக்கும் ராயல்டி ஃப்ரீ முறையில் ஒரு தடவை கட்டினால் போதும், பலமுறை பயன்படுத்தலாம். அதிலும் நிபந்தனைகள் உண்டு. 'எடிட்டோரியல்' என்று குறித்த படத்தைச் செய்திக்கும் கட்டுரைக்கும் போடலாம், சோப்பு விளம்பரத்துக்குப் போடக்கூடாது.

விலை சரிந்த கதை 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் தொடங்குகிறது. புரூஸ் லிவிங்ஸ்டன் ஆரம்பித்த ஐஸ்டாக்ஃபோட்டோவில் முதலில் படங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள், பிறகு சில்லறைக் காசுக்கு விற்றார்கள். 2003-இல் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, சந்தா கட்டினால் படங்களை இறக்கிக்கொள்ளலாம் என்றார். 2006-இல் கெட்டி இமேஜஸ் என்ற ஏஜென்சி, ஐஸ்டாக்ஃபோட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. எங்களைப்போன்ற சின்னப் பத்திரிகைகளுக்கு இது வசதிதான், ஒளிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒரு படம் நூற்றுக்கணக்கில் விற்றால்தான் எடுத்தவர் கையில் நாலு காசு நிற்கும் என்ற நிலைமையும் அப்போதுதான் வந்தது.

நூற்றுக்கணக்கில் விற்க வேண்டுமானால் படம் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். எல்லாருக்கும் பொருந்துவது பல சமயம் நமக்குப் பொருந்துவதில்லை. தீபாவளி இதழுக்காக எங்கள் லே-அவுட் மேஜையில் படம் தேடினோம். வந்ததெல்லாம் சாயங்கால அகல்விளக்கு, வலது தோள் வழியாக முன்னால் விழும் முந்தானை, தட்டில் லட்டு. நம் வீட்டுத் தீபாவளி விடிவதற்கு முன்பே வந்துவிடுகிற பண்டிகை. உச்சந்தலையில் நல்லெண்ணெய், கண்ணில் சீயக்காய் எரிச்சல், ஓரத்தில் மஞ்சள் வைத்த புதுத்துணி, நாக்கில் லேகியக் காரம். இதில் ஒன்றுகூட அகப்படவில்லை. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிறவர் கேட்பதைத்தான் எடுப்பவர் எடுப்பார். வெளிநாட்டு முகங்களே நிறைந்திருந்த சந்தையில் இந்திய முகங்களுக்கென்றே 2006-இல் சந்தீப் மகேஸ்வரி இமேஜஸ்பஜாரைத் தொடங்கியது அப்படி ஒரு தேவையைப் பார்த்துத்தான்.

அதனால் இனி எங்கள் பக்கங்களுக்கான படங்களை உங்களிடமே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு படம் அனுப்பும் நண்பர்கள் பலர் 'நன்றி: கூகுள்' என்று எழுதி அனுப்புகிறார்கள். கூகுள் படம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. படம் எடுத்தவர் வேறொருவர். நன்றி போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது.

யாருடைய அனுமதி என்பதிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்தின் உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையது. உங்கள் சித்தப்பா மகன் ஆசையாக எடுத்துக் கொடுத்த படம் அவனுடையது. அதை அனுப்பும் முன் அவனிடம் கேளுங்கள்.

படத்தில் இருப்பவரையும் மறக்க வேண்டாம். விளம்பரங்களுக்கும் விற்கும் படமென்றால், முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் என்ற சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லும் ஏஜென்சி. கையெழுத்து வாங்கினாலும் படம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹங்கேரியில் ஆந்த்ராஷ் அராட்டோ என்ற மின் பொறியாளர் ஸ்டாக் ஃபோட்டோக்களுக்குச் சிரித்தபடி போஸ் கொடுத்தார். 'வலியை மறைக்கும் ஹரால்டு' என்று பெயர் சூட்டி உலகமே அவரை மீமாக்கியது. முதலில் நொந்துபோனவர், பிறகு அதையே ஏற்றுக்கொண்டு ஊர் ஊராய்ப் பேசப் போனார். எல்லாருக்கும் அந்த மனசு வராது. கோலம் போடும் பக்கத்து வீட்டுப் பாட்டியை எடுத்தால், பத்திரிகைக்கு அனுப்பப் போவதைச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பும் படத்தோடு எடுத்தவர் பெயர், எடுத்த ஊர், படத்தில் இருப்பவர் சம்மதித்தார் என்று ஒரு வரி, இந்த மூன்றும் இருந்தால் போதும். பிரசுரமாகும் படத்துக்குப் பெயரும் போடுவோம், பணமும் கொடுப்போம். பெரிய தொகை இருக்காது. நாங்கள் வாங்குவது ஓர் இதழில் ஒருமுறை அச்சிடும் உரிமையை மட்டும்தான், மற்ற உரிமையெல்லாம் உங்களிடமே இருக்கும். வேறு பத்திரிகை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். சும்மா மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்